தாட்ச் காட்டேஜா, செங்கல் வீடா, புது வீடா? இங்கிலாந்துக் கிராமத்தில் ஒரே பணத்துக்கு மூன்று வீடு

போன மாதம் தெரிந்த தம்பதி ஒரு வீட்டு விளம்பரத்தை அனுப்பி, "அண்ணா, இதை வாங்கலாமா?" என்று கேட்டார்கள். வில்ட்ஷரில் ஒரு கிராமம். பதினேழாம் நூற்றாண்டுக் காட்டேஜ், தாட்ச் எனப்படும் வைக்கோல் கூரை, வெள்ளைச் சுவர், வாசலில் ரோஜாக் கொடி, மூன்று படுக்கையறை, முழுக்கப் புதுப்பித்தது, விலை 450,000 பவுண்டு. அதே விலைக்கு அதே கிராமத்தில் விக்டோரியா காலத்துச் செங்கல் வீடு ஒன்றையும், ஊர் விளிம்பில் புதிதாக எழும்பும் குடியிருப்பில் ஒரு வீட்டையும் பார்த்து வைத்திருக்கிறார்கள். மூன்றில் எது என்று முடிவு செய்ய முடியாமல் மூன்று வாரமாகத் தூக்கமில்லை.

இதே கேள்வியை என்னிடம் கேட்கும் மூன்றாவது குடும்பம் இது. வாரத்தில் இரண்டு மூன்று நாள் வீட்டிலிருந்தே வேலை என்று ஆனபிறகு லண்டனை விட்டு வெளியே பார்க்கிறவர்கள் கூடிவிட்டார்கள், பார்க்கிறவர்கள் கண்ணில் முதலில் விழுவது இந்தக் கூரை வீடுகள்தான். நாங்கள் ஹாம்ப்ஷரில் இரண்டரை வருடம் ஒரு தாட்ச் காட்டேஜில் வாடகைக்கு இருந்தோம். பிறகு சொந்தமாக வாங்கியது செங்கல் வீடு. ஆக நான் நடுநிலையாளன் இல்லை, இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனாலும் அந்தப் பழைய வீட்டுப் பக்கம் போனால் இன்றும் காரை மெதுவாகத்தான் ஓட்டுகிறேன்.

அந்த வீட்டுப் படத்தை அம்மாவுக்கு அனுப்பி, இதுமாதிரி வீடெல்லாம் இங்கே என்ன விலை என்று சொன்னபோது அம்மா கேட்டது: "கூரை வீட்டுக்கா இவ்வளவு? அதை மாத்திக் கட்டத்தானடா உங்கப்பா பத்து வருஷம் லோன் கட்டினாரு?" இங்கேயும் ஒரு காலத்தில் கதை அதேதான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கால்வாயும் ரயிலும் வந்து வேல்ஸ் தேசத்து ஸ்லேட்டை, அதாவது கூரைக்குப் போடும் கற்பலகையை, மலிவாகக் கொண்டுவந்து கொட்டியபோது, கையில் காசு இருந்தவர்கள் கூரையைப் பிரித்துவிட்டு ஸ்லேட்டுப் போட்டார்கள். இல்லாதவர்கள் வீட்டில் வைக்கோல் தங்கியது. லண்டனில் 1212 தீ விபத்துக்குப் பிறகு புதுக் கூரை வேயவே தடை வந்தது. 1666 பெருந்தீக்குப் பிறகு அந்த நகரத்தில் முதன்முதலாகக் கூரை வேய்ந்த கட்டடம் 1997இல் திறந்த குளோப் நாடக அரங்கு. ஏழையின் கூரையாக மிஞ்சியதுதான் இன்று விளம்பரத்தில் முதல் படமாக வருகிறது.

## எதை வைத்து எடை போடுவது

விலை மூன்றுக்கும் ஒன்று என்பதால் அதைத் தள்ளிவிடலாம். முத்திரை வரியும் ஒன்றுதான்: 450,000 பவுண்டுக்கு இப்போதைய விகிதத்தில் 12,500, முதல் வீடு வாங்குபவர் என்றால் 7,500. வேறு வீடு ஏற்கெனவே உங்கள் பெயரில் இருந்து, அதை விற்காமல் இதையும் வாங்கினால் மேலே இன்னும் 5 சதவீதம். ஊரில் இருக்கும் வீடும் இந்தக் கணக்கில் வரலாம், சொலிசிட்டரிடம், அதாவது வீட்டுப் பத்திரத்தைப் பார்க்கும் வழக்கறிஞரிடம், மறைக்காமல் சொல்லுங்கள்.

நான் பார்க்கச் சொல்வது, சாவி கையில் வந்த பிறகு நடப்பதை. கூரைக்கும் சுவருக்கும் வருடத்துக்கு எவ்வளவு ஒதுக்க வேண்டும்? வீட்டில் ஒரு சன்னலை மாற்ற யாரிடம் கேட்க வேண்டும்? இன்சூரன்ஸ் கிடைக்குமா, என்ன நிபந்தனையோடு? ஜனவரி மாதம் உள்ளே எப்படி இருக்கும்? அவசரமாக விற்க வேண்டியிருந்தால் எத்தனை பேர் வாங்க வருவார்கள்? கடைசியாக, ஏஜென்ட் யாரும் சொல்லாத ஒன்று: நம் வீட்டு வாழ்க்கை அதில் அடங்குமா. தினமும் தாளிக்கிற சமையலறை, ஊரிலிருந்து வந்து ஆறு மாதம் தங்கும் பெற்றோர், ஓடி விளையாடும் பிள்ளைகள், இதெல்லாம்.

## புதுப்பித்த தாட்ச் காட்டேஜ்

### கூரை

தாட்ச் என்றால் எல்லாம் ஒன்றில்லை, மூன்று ரகம். நீர்நிலை ஓரத்து நாணலால் வேய்வது ஒன்று. நார்ஃபோக் நாணலுக்குத்தான் பெயர், ஆனால் இன்று கூரை ஏறுவதில் பெரும்பகுதி இறக்குமதி. கோதுமை வைக்கோலைச் சீவி, அடித்தாள் மட்டும் வெளியே தெரியும்படி அடுக்குவது இரண்டாவது. டெவன், டார்செட் பக்கம் அதிகம். மூன்றாவது நீள வைக்கோல், அடியும் நுனியும் கலந்து கிடப்பதால் கொஞ்சம் பரட்டைத் தலை மாதிரி இருக்கும், மேலே கம்பிவலை போர்த்தியிருப்பார்கள். நாணல் நன்றாக அமைந்தால் 40 வருடம் தாண்டும். சீவிய வைக்கோல் 25 முதல் 35. நீள வைக்கோல் 15 முதல் 25. இதெல்லாம் சராசரிதான். சரிவு போதாத கூரையும், மேலே மரம் கவிந்த கூரையும், வெயில் படாத வடக்குப் பக்கமும் சீக்கிரம் கெடும்.

இடையில் ஒரு செய்தி. இந்த வைக்கோலே இப்போது கிடைப்பது கடினம். இன்றைய கோதுமை குட்டை ரகம், அதையும் கம்பைன் மெஷின் மென்று துப்பிவிடுகிறது. கூரைக்கென்றே மாரிஸ் விட்ஜன் மாதிரிப் பழைய நெட்டை ரகங்களைச் சிலர் விதைத்து, பழங்கால அறுவடை இயந்திரத்தால் தாள் நசுங்காமல் அறுத்துக் கட்டுகிறார்கள். நம் ஊரில் ஐ.ஆர்.8 வந்தபோது வைக்கோல் குட்டையாகிப்போனதை நினைத்துக்கொண்டேன்.

கூரையின் முகடு தனிக் கணக்கு. கீழே இருப்பது நன்றாக இருந்தாலும் முகட்டை 10 முதல் 15 வருடத்துக்கு ஒருமுறை புதிதாகக் கட்ட வேண்டும். நாங்கள் இருந்த வீட்டில் அந்த வேலை நடந்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். ஹேசல் என்ற மரத்தின் குச்சியைப் பிளந்து சீவி, நடுவில் ஒரு முறுக்கு முறுக்கி மடக்கினால் அது முறியாமல் கொண்டை ஊசி மாதிரி வளைந்துவிடுகிறது. அப்படி நூற்றுக்கணக்கில் வாசலில் குவித்து வைத்து, ஒவ்வொன்றாக வைக்கோலில் உள்ளங்கையால் அடித்து இறக்கினார் அந்த மனிதர். ஒரு மழைநாளில் கூரைக்குள் கையை விட்டுக் காட்டினார். மேலே ஒரு அங்குலம்தான் நனைந்திருந்தது, அதற்குக் கீழே பொரித்த அப்பளம் போலக் காய்ந்திருந்தது. நல்ல கூரையில் தண்ணீர் இறங்காது, வழுக்கிக்கொண்டு போய்விடும்.

இதில்தான் விளம்பரத்தின் முதல் பொறி. "முகடு 2021இல் புதிதாகக் கட்டியது" என்று எழுதியிருப்பதை நாம் "கூரை 2021இல் வேய்ந்தது" என்று படித்துவிடுவோம். என்னிடம் கேட்ட தம்பதியும் அப்படித்தான் படித்திருந்தார்கள். கூரை எந்த வருடம், எந்தச் சரிவு, எந்தப் பொருள், யார் வேய்ந்தது, ரசீது இருக்கிறதா என்று தனித்தனியாகக் கேளுங்கள்.

செலவு? வேய்பவர்கள் "ஸ்கொயர்" கணக்கில் கூலி சொல்வார்கள், அதாவது பத்தடிக்குப் பத்தடி. நம் ஊர்க் கொத்தனார் "சதுரம்" என்கிறாரே, அதே 100 சதுர அடி. சின்ன வீட்டுக்கே முழுக் கூரை வேய இருபது முப்பதாயிரம் பவுண்டு என்று கேட்டால் ஆச்சரியப்படாதீர்கள். 30 வருடத்துக்கு ஒருமுறை 35,000, 12 வருடத்துக்கு ஒருமுறை முகட்டுக்கு 5,000 என்று வைத்துக்கொண்டால் வருடத்துக்குக் கிட்டத்தட்ட 1,600 பவுண்டு. மாதம் 130 பவுண்டைக் கூரைக்கென்று தனிக் கணக்கில் போட்டுக்கொண்டே வர முடியும் என்றால் இது பயப்பட வேண்டிய தொகை இல்லை. போடாமல் இருந்துவிட்டு 18ஆம் வருடம் மொத்தமாக எதிர்கொள்வதுதான் பயம். நல்ல ஆளுக்குக் காத்திருப்பும் உண்டு, நினைத்த வாரம் வந்து வேய மாட்டார்கள்.

### "புதுப்பித்தது" என்ற சொல்

எனக்கு இந்தச் சொல்மீது தனிப்பட்ட கோபம் உண்டு. புதுப்பித்தது எதை? சமையலறையையும் குளியலறையையும் மாற்றி, வெள்ளை பெயின்ட் அடித்து, விலையில் 50,000 ஏற்றியிருந்தால் அதுவும் புதுப்பித்தல்தான். கூரை, சுவர், மின்கம்பி மூன்றும் நீங்கள் தொடும்வரை காத்திருக்கும்.

அதைவிட மோசம், புதுப்பித்ததே கெடுதலாக இருப்பது. இந்த வீடுகளின் சுவர் பெரும்பாலும் மண், அல்லது மரச்சட்டத்துக்கு நடுவே குச்சி பின்னிச் சேறு பூசியது, இல்லை சுண்ணாம்புக் காரையில் அடுக்கிய கல். டெவனில் வைக்கோல் கலந்த மண்சுவருக்குக் காப் என்று பெயர். நல்ல தொப்பியும் நல்ல பூட்ஸும் இருந்தால் காப் என்றைக்கும் நிற்கும் என்று அந்தப் பக்கம் சொல்வார்கள். தொப்பி கூரை, பூட்ஸ் கல் அடித்தளம். இந்தச் சுவர்கள் ஈரத்தை வாங்கி, சுண்ணாம்புப் பூச்சு வழியாக வெளியே விடும். அதன்மேல் சிமென்ட் பூசினால், உள்ளே பிளாஸ்டிக் பெயின்ட் அடித்தால், பழைய தரையைப் பெயர்த்து அடியில் பாலித்தீன் விரித்துக் கான்கிரீட் போட்டால், போக வழியில்லாமல் ஈரம் சுவருக்குள் ஏறும். இரண்டு வருடத்துக்கு ஒன்றும் தெரியாது. புது பெயின்டின் பளபளப்பில் வீட்டை விற்றுவிட்டுப் போவதற்கு இரண்டு வருடம் தாராளம்.

இன்னொன்று, மாடி அறைக் கூரையில் பதித்த சின்னச் சின்ன ஸ்பாட் லைட். படத்தில் அழகாக இருக்கும். காய்ந்த வைக்கோலுக்குக் கீழே சூடாகும் விளக்கைப் பதிப்பது கூடாது என்றுதான் எல்லா வழிகாட்டுதலும் சொல்கிறது. அதை மாடியில் பார்த்தால், புதுப்பித்தவருக்குத் தாட்ச் பற்றித் தெரியாது என்று புரிந்துகொண்டு மற்றதையும் அதே சந்தேகத்தோடு பாருங்கள்.

### அனுமதி

1700க்கு முன் கட்டி ஓரளவு பழைய நிலையிலேயே இருக்கும் வீடு என்றால் கிட்டத்தட்ட நிச்சயமாக லிஸ்டட் பில்டிங், அதாவது சட்டப் பாதுகாப்புப் பட்டியலில் உள்ள கட்டடம், பெரும்பாலும் கிரேடு 2. வெளிமுகம் மட்டுமே பாதுகாக்கப்படுகிறது என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், தவறு. உள்ளே இருக்கும் கதவு, படிக்கட்டு, அடுப்பு மாடம் எல்லாம் சேர்த்துத்தான். வீட்டின் தன்மையைப் பாதிக்கும் எந்த மாற்றத்துக்கும் கவுன்சிலின், அதாவது உள்ளாட்சியின், சம்மதம் வேண்டும், இல்லாமல் செய்வது குற்றம். வைக்கோல் கூரையை நாணலாக மாற்றவே சில ஊர்களில் கேட்க வேண்டியிருக்கும். விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை என்பது ஒரு ஆறுதல், வரைபடம் போட்டுத் தருபவர் கட்டணம் உண்டு என்பது அதன் வால்.

மறைந்திருக்கும் செலவு இது: முந்தைய உரிமையாளர் அனுமதியில்லாமல் ஒரு சுவரை இடித்திருந்தால், அதைச் சரிசெய்யச் சொல்லும் நோட்டீஸ் இன்றைய உரிமையாளரான உங்களுக்கு வரலாம். இதற்குக் கால வரம்பு கிடையாது. ஆகவே "முழுக்கப் புதுப்பித்தது" என்று பார்த்த உடனே சொலிசிட்டரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, ஒவ்வொரு வேலைக்கும் சம்மதக் கடிதம் எங்கே என்பது. கவுன்சில் இணையதளத்தில் முகவரியைப் போட்டு நீங்களே தேடலாம், பத்து நிமிட வேலை. தேடியதில் ஒன்றுமே வரவில்லை, வீட்டிலோ சமையலறையும் சாப்பாட்டு அறையும் ஒன்றாகத் திறந்து கிடக்கிறது என்றால், கேள்வி இருக்கிறது.

### நெருப்பும் இன்சூரன்ஸும்

கூரை வீடு மற்ற வீடுகளைவிட அடிக்கடி தீப்பிடிக்கும் என்று நினைக்க வேண்டாம். பிடித்தால் அணைப்பது கடினம், அதுதான் வித்தியாசம். பெரும்பாலும் ஆரம்பம் புகைபோக்கி. விறகு அடுப்பிலிருந்து கிளம்பும் பொறி மேலே போய்க் கூரையில் விழுவது ஒரு வழி, பழைய செங்கல் புகைபோக்கியில் விரிசல் விழுந்து சூடு கசிவது இன்னொரு வழி. புகைபோக்கி கூரைக்கு மேல் 1.8 மீட்டராவது நிற்க வேண்டும் என்பது வழக்கமான அறிவுரை. வேடிக்கை என்னவென்றால், பழைய வைக்கோல்மேலேயே புதியதை ஏற்றி ஏற்றி வேய்வதால் தலைமுறைக்குத் தலைமுறை கூரை தடித்துக்கொண்டே போகிறது, புகைபோக்கி அதே உயரத்தில் நிற்கிறது. டெவனின் சில வீடுகளில் அடி அடுக்கில் இருப்பது புகைபோக்கி வருவதற்கு முந்தைய காலத்துப் புகையில் கறுத்த வைக்கோல். ஐந்நூறு வருடத்துக்கு முந்தைய பயிரை ஆராய்ச்சியாளர்கள் அதிலிருந்து எடுத்துப் பார்க்கிறார்கள்.

இன்சூரன்ஸ் கிடைக்கும், ஆனால் சாதாரண ஒப்பீட்டுத் தளங்களில் பட்டனை அழுத்தி வாங்குவதாக இருக்காது. தாட்ச் வீடுகளுக்கென்றே தருபவர்களிடம் போக வேண்டும், பிரீமியம் கூடுதல், நிபந்தனைகள் அதைவிடக் கூடுதல்: புகைபோக்கியை வருடத்துக்கு இத்தனை முறை சுத்தம் செய்த ரசீது, மின்கம்பிச் சோதனைச் சான்றிதழ், தோட்டத்தில் நெருப்பு மூட்டுவதற்குத் தூரக் கட்டுப்பாடு. தீபாவளிக்கு ராக்கெட் விடும் ஆசையை இங்கே மறந்துவிடுங்கள். காப்பீட்டுத் தொகை, நீங்கள் கொடுத்த விலையாக இருக்காது. எரிந்தால் அதே முறையில் திருப்பிக் கட்ட ஆகும் செலவு, அது சந்தை விலையைத் தாண்டலாம். ஒப்பந்தம் பரிமாறிக்கொண்ட நாளிலிருந்தே பொறுப்பு உங்களுடையது என்பதால் அதற்கு முன்பே பாலிசி கையில் இருக்க வேண்டும்.

### உள்ளே வாழ்வது

கோடையில் சொர்க்கம். ஒரு அடிக்கு மேல் தடித்த வைக்கோல், வெளியே 32 டிகிரி அடித்தாலும் மாடியில் நிம்மதியாகத் தூங்கலாம். குளிர்காலத்திலும் கூரை தன் வேலையைச் செய்யும், காற்று வருவது ஒற்றைக் கண்ணாடிச் சன்னலிலிருந்தும் கதவு இடுக்கிலிருந்தும். பல கிராமங்களில் காஸ் குழாய் இல்லை, வீட்டைச் சூடாக்க எண்ணெய்த் தொட்டிதான். கழிவுநீருக்குச் செப்டிக் டேங்க் என்றால், அது நேராக ஓடையிலோ வாய்க்காலிலோ விடுகிறதா என்று கேளுங்கள், அப்படி விடுவது 2020 முதல் கூடாது. மாற்றும் செலவைப் பேரத்தில் கழிக்கலாம். கூரைமேல் சோலார் தட்டு வைக்க முடியாது.

உத்தரம் தாழ்வு. நான் 5 அடி 9 அங்குலம், முதல் மாதத்தில் நெற்றியில் நான்கு தழும்பு. அப்பா வந்திருந்தபோது செங்குத்தான, வளைந்த படிக்கட்டில் இரவில் இறங்க முடியாமல் கீழே சோபாவிலேயே ஐந்து வாரம் படுத்தார். தாளிப்புப் புகையும் இட்லிக் குண்டான் ஆவியும் வெளியே போக நல்ல எக்ஸ்ஹாஸ்ட் ஃபேன் வேண்டும், அதற்குச் சுவரில் துளை வேண்டும், துளைக்குச் சம்மதம் வேண்டும். நாங்கள் சன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு டிசம்பரில் ரசம் வைத்தோம்.

இதெல்லாம் சொன்னபிறகும், நவம்பர் மாலை ஆறு மணிக்கு அந்தக் கனத்த கூரைக்கடியில் மழைச் சத்தமே கேட்காமல் உட்கார்ந்திருக்கும் நிம்மதி வேறு எந்த வீட்டிலும் எனக்குக் கிடைத்ததில்லை.

யாருக்குச் சரி: பத்து வருடமாவது இருக்கப் போகிறவர்கள், வீட்டைப் பெரிதாக்க ஆசையில்லாதவர்கள், வாரத்தில் ஒரு நாளாவது பகலில் வீட்டில் இருப்பவர்கள், சின்னச் சின்ன பராமரிப்பில் எரிச்சலடையாதவர்கள்.

## அதே காட்டேஜ், புதுப்பிக்காதது

அந்தத் தம்பதி பட்டியலில் இது இல்லை, நான்தான் சேர்த்தேன். பழைய சமையலறை, ஓய்ந்த கூரை, 1970களின் கம்பளம். விலை குறைவு. நீங்களே செய்வதால் சிமென்ட் யாரும் பூச மாட்டார்கள், எது எங்கே போனது என்று தெரியும். வேலைக்கு 20 சதவீதம் வாட் வரி. லிஸ்டட் வீட்டு மாற்றங்களுக்கு முன்பு இருந்த சலுகை 2012 அக்டோபரோடு போய்விட்டது. வீடு இரண்டு வருடத்துக்கு மேல் காலியாகக் கிடந்தது என்றால் 5 சதவீத விகிதம் கிடைக்க வழி உண்டு. வேலை முடியும்வரை வேறு இடத்தில் வாடகை, அதோடு மார்ட்கேஜ். வில்லியம் மோரிஸ் 1877இல் தொடங்கிய எஸ்.பி.ஏ.பி. என்ற பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கம் வீட்டு உரிமையாளர்களுக்கு வகுப்பு நடத்துகிறது, வாங்கும் முன்பே போய்வரலாம். இருவரும் வேலைக்குப் போய்க்கொண்டு கைக்குழந்தையும் வைத்திருப்பவர்கள் இந்தப் பக்கமே திரும்ப வேண்டாம்.

## விக்டோரியா காலத்துச் செங்கல் வீடு

நாங்கள் எடுத்தது இது, ஆகவே குறையிலிருந்து தொடங்குகிறேன். ஒன்பது அங்குலத் திடச் சுவர், நடுவில் இடைவெளி கிடையாது, வெப்பத்தைப் பிடித்து வைக்காது. வேல்ஸ் ஸ்லேட்டு நூறு வருடம் தாண்டும், அதைப் பிடித்திருக்கும் ஆணி தாண்டாது. ஆணி துருப்பிடித்து ஸ்லேட்டு ஒவ்வொன்றாக நழுவ ஆரம்பித்தால் முழுக் கூரையையும் இறக்கி ஏற்ற வேண்டிய நாள் நெருங்குகிறது என்று அர்த்தம். இடையில் யாராவது ஸ்லேட்டை எடுத்துவிட்டுக் கான்கிரீட் ஓடு போட்டிருந்தால் அந்தக் கனம் தாங்காமல் மரச்சட்டம் தொய்ந்திருக்கலாம், தெருவுக்கு எதிர்ப்பக்கம் நின்று முகட்டுக் கோடு நேராக இருக்கிறதா என்று பாருங்கள். சுண்ணாம்புக் காரை விஷயம் இங்கேயும் உண்டு, இந்தச் சுவரும் மூச்சு விட வேண்டியதுதான்.

நிறை என்னவென்றால் தலைவலி எல்லாம் தெரிந்த தலைவலி. இன்சூரன்ஸ் சாதாரணம். ஸ்லேட்டு மாற்ற எல்லா ஊரிலும் ஆள் உண்டு. கிராமத்தில் இருக்கும் இந்த வீடுகளில் பெரும்பாலானவை லிஸ்டட் இல்லை, பழமை காக்க ஒதுக்கிய கன்சர்வேஷன் ஏரியாவுக்குள் இருந்தால் சில கட்டுப்பாடு மட்டும். பின்பக்கம் ஒரு அறை நீட்டலாம், பரண்மேல் அறை கட்டலாம், சுவரில் துளை போட்டு ஃபேன் வைக்கலாம். அறை உயரம் ஒன்பது அடி, அப்பா தலை நிமிர்ந்து நடந்தார். விற்கும்போது வாங்க வருபவர் கூட்டமும் பெரிது.

யாருக்குச் சரி: பழைய வீடு வேண்டும், ஆனால் வீடே பொழுதுபோக்காக மாறிவிடக் கூடாது என்பவர்களுக்கு. குடும்பம் பெரிதாகப் போகிறது என்றால் மூன்றில் இதுதான்.

## ஊர் விளிம்பில் புது வீடு

இதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கதகதப்பு, குறைந்த பில், நேர்க்கோட்டுச் சுவர், முதல் இரண்டு வருடம் கட்டியவர் பொறுப்பு, பிறகு எட்டு வருடம் கட்டமைப்புக்கு என்.எச்.பி.சி. மாதிரி புது வீட்டுக் காப்புறுதி நிறுவனத்தின் உத்தரவாதம். அறைகள் சின்னது, தோட்டம் கைக்குட்டை. சாவி வாங்குமுன் குறைகளைப் பட்டியல் போட ஒரு ஆளை அமர்த்துங்கள், கதவு சரியாக மூடாததிலிருந்து குளியலறைச் சரிவு தப்பாக இருப்பதுவரை எல்லாம் வரும். மறைந்த செலவு இரண்டு. புது வீட்டுக்கென்று நீங்கள் கொடுக்கும் கூடுதல் விலை முதல் நாளே போய்விடும், இரண்டு வருடத்தில் விற்றால் வலிக்கும். குடியிருப்புச் சாலையையும் புல்வெளியையும் கவுன்சில் ஏற்றுக்கொள்ளாவிட்டால் ஒரு நிர்வாக நிறுவனத்துக்கு வருடக் கட்டணம் கட்ட வேண்டும், அது எப்படி ஏறும் என்று ஒப்பந்தத்தில் படியுங்கள்.

டார்செட்டில் புதிதாகக் கட்டும் வீட்டுக்கே தாட்ச் வேய்கிறார்கள், அடியில் நெருப்புத் தாங்கும் தடுப்புப் போட்டு. அதற்கென்று உள்ளூர் கவுன்சில்கள் வகுத்த விதிமுறைக்கு டார்செட் மாடல் என்று பெயர். கூரைமேல் மட்டும்தான் ஆசை என்றால் அந்தப் பக்கம் தேடலாம்.

யாருக்குச் சரி: வேலை நிரந்தரமாகாதவர்கள், கைக்குழந்தைக்காரர்கள், மூட்டு வலியோடு வந்து தங்கும் பெற்றோர் உள்ளவர்கள், சனிக்கிழமையைத் தூங்கிக் கழிக்க விரும்புபவர்கள்.

## ஒரு பார்வையில்

| | புதுப்பித்த தாட்ச் | செங்கல், ஸ்லேட்டு | புது வீடு |
|---|---|---|---|
| கூரைச் செலவு | மாதம் 130 பவுண்டு ஒதுக்குங்கள் | நூறு வருடத்துக்கு ஒரு பெரிய செலவு, அது உங்கள் தலையிலா என்று பாருங்கள் | யோசிக்க வேண்டாம் |
| மாற்றம் செய்ய | எல்லாவற்றுக்கும் சம்மதம் | பெரும்பாலும் சுதந்திரம் | சுதந்திரம், ஆனால் இடமில்லை |
| இன்சூரன்ஸ் | தனி நிறுவனம், நிபந்தனைகள் | சாதாரணம் | மலிவு |
| குளிர்காலம் | மாடி கதகதப்பு, கீழே காற்று | கம்பளி தேவை | சட்டையோடு இருக்கலாம் |
| சமையல் | சன்னலைத் திறந்து | ஃபேன் வைத்து | ஃபேன் உண்டு, ஆனால் வாசம் எல்லா அறைக்கும் போகும் |
| விற்பது | காதலிக்கும் ஒருவர் வரும்வரை | சுலபம் | பக்கத்தில் இன்னும் கட்டிக்கொண்டிருந்தால் கடினம் |
| பெற்றோர் வந்தால் | படிக்கட்டு | பரவாயில்லை | கவலையில்லை |

## பார்க்கப் போகும்போது

தாட்ச் என்று மனம் சாய்ந்துவிட்டால் மழை பெய்யும் நாளாகப் பார்த்துப் போங்கள். இந்தக் கூரைக்குத் தண்ணீர்க் குழாய் கிடையாது, இறவாரத்திலிருந்து நேராகத் தரையில் சொட்டும். சொட்டுவது சுவரைவிட்டுத் தள்ளி விழுகிறதா, அடித்தளத்தை நனைக்கிறதா என்று பத்து நிமிடம் குடையோடு நின்று பாருங்கள். தெருவில் நின்று கூரையைப் பார்த்தால், உள்ளே மறைந்திருக்க வேண்டிய ஹேசல் குச்சிகள் முகட்டுக்குக் கீழே பல இடத்தில் பல்லிளிக்கின்றனவா? புகைபோக்கியை ஒட்டியும் மாடிச் சன்னல் மடிப்புகளிலும் பள்ளம் விழுந்திருக்கிறதா? அப்படியென்றால் தேய்ந்துவிட்டது. பாசி கொஞ்சம் இருப்பதற்குப் பயப்பட வேண்டாம். பரணில் வௌவால் இருக்கிறதா என்றும் கேளுங்கள். அவற்றுக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு, அவை குட்டி போடும் பருவத்தில் கூரை வேலை தள்ளிப் போகலாம்.

உள்ளே சுவரில் உள்ளங்கையை வையுங்கள். சோபாவை நகர்த்த அனுமதி கேட்டு, அதன் பின்னால் முகர்ந்து பாருங்கள், வெட்கப்பட வேண்டாம், 450,000 பவுண்டு. எல்லா சன்னலும் திறந்து கிடந்து, பூச்செண்டும் காபி வாசமுமாக இருந்தால் மறுபடி ஒருநாள், குறைந்த அவகாசத்தில் சொல்லி, நேரம் கேளுங்கள்.

வங்கி அனுப்பும் மதிப்பீட்டாளர் வங்கிக்காகத்தான் வருகிறார். பழைய வீட்டுக்கு ஆர்.ஐ.சி.எஸ். என்ற சர்வேயர் சங்கத்தின் லெவல் 3 சர்வே, அதாவது ஆக விரிவான வீட்டுப் பரிசோதனை, வேண்டும், அதையும் சுண்ணாம்புச் சுவரைத் தெரிந்தவரிடம். ஈரமானி கருவியைச் சுவரில் குத்திவிட்டு "ரசாயனம் ஊசி போட வேண்டும்" என்று எழுதித் தருபவர் வேண்டாம். கூரைக்குத் தனியாக ஒரு வேய்பவரைக் கூப்பிட்டு ஏணி போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், சில நூறு பவுண்டு ஆனாலும் ஆகட்டும். அவர் "இன்னும் எட்டு வருடம்" என்று எழுதிக் கொடுத்தால் அந்தக் காகிதம் பேரத்தில் பல ஆயிரம் பெறும்.

என்னிடம் கேட்ட தம்பதிக்கு நான் சொன்ன பதில்: இரண்டாவது குழந்தை வரப்போகிறது, மனைவியின் அம்மா ஆறு மாதம் வந்து இருக்கப்போகிறார், அதனால் செங்கல் வீடு. கணவர் தலையாட்டினார். மனைவி, சம்மதக் கடிதங்களும் வேய்பவர் அறிக்கையும் சரியாக வந்தால் கூரை வீடுதான், அம்மாவுக்குக் கீழே சாப்பாட்டு அறையில் கட்டில் போட்டுக்கொள்ளலாம் என்றாள். இரவு கவுன்சில் தளத்தில் அவளே தேடியிருக்கிறாள். அடுப்பு மாடத்துக்கும் பின்கதவுக்கும் சம்மதம் இருக்கிறது, சமையலறைச் சுவரை இடித்ததற்கு ஒன்றும் வரவில்லை. ஏஜென்டிடம் கேட்டிருக்கிறாள், பதில் இன்னும் வரவில்லை. வரும் சனிக்கிழமை மறுபடி பார்க்கப் போகிறார்கள். மழை என்று சொல்லியிருக்கிறது, வேறு நாள் கேட்கட்டுமா என்று அவர் போன் செய்தார். அதே நாளிலேயே போகச் சொன்னேன், குடையோடு.